முந்நூற்று நாற்பது

ஜூனில் அகுரேரியில்
இரவு பதினொன்றுக்கும் சூரியன் போவதில்லை.
ஃபியோர்டின் விளிம்பில் ஒருக்களித்துப் படுத்தபடி
பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்.
அந்த வெயிலில்தான் தெரிந்தது:
என் கறுப்பு டொயோட்டாவின் பானெட் முழுக்க
யாரோ கம்பிநார் போட்டுத் தேய்த்ததுபோல்
வட்டம் வட்டமாய்க் கீறல்.

யாரோ இல்லை, நான்தான்.
தெற்குக் காற்று கொண்டுவந்து கொட்டும் எரிமலைச் சாம்பலை
ஏழு வருடம்
உலர்ந்த துணியால் துடைத்தவள்.

கடையில் மூன்று மெஷின்கள்.
முதலாவது ஒரே அச்சில் சுற்றுவது.
கை தெரிந்தவனுக்குத் தங்கம் என்றான் ஸ்வேரிர்.
தெரியாதவள் கதவோரத்தில் ஒரு விநாடி கூட நின்றால்
பெயின்ட் போய்த்
தகரம் பல்லைக் காட்டும்.
இரண்டாவது சுற்றிக்கொண்டே ஆடும்.
அழுத்தினால் வட்டு நின்றுவிடும்,
மோட்டார் மட்டும் முனகும்.
மூன்றாவதும் ஆடும், ஆனால் பல்சக்கரம் பூட்டியது,
யார் அழுத்தினாலும் நிற்காது.
வீச்சு பதினைந்து மில்லிமீட்டரா, இருபத்தொன்றா
என்று அவன் விளக்கிக்கொண்டிருக்க
நான் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தேன்.
மீன் ஆலையில் பத்தொன்பது வருடம் காட் மீன் அறுத்த மணிக்கட்டு
விலைச்சீட்டைப் பார்க்குமுன்பே கணக்குப் போட்டுவிட்டது.

முதலில் அளந்து பார், ஹால்பேரா, என்று
சோப்புக்கட்டி அளவில் ஒரு மானியை
ஓரிரவுக்குக் கடன் தந்தான்.

பானெட்: நூற்றுப் பதினெட்டு மைக்ரான்.
கூரை: நூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றரைத் தலைமுடி கனம்.
அதற்குள்தான் அடிப்பூச்சு, நிறம்,
எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடிபோல் ஒரு பூச்சு.
வலப்பக்கக் கதவுகள்: நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதினாறு.

இடது பின்கதவு: முந்நூற்று நாற்பது.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
முந்நூற்று நாற்பது.
ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
முந்நூற்று ஐம்பத்தாறு.

ஒரு சிராய்ப்புகூட இல்லாத வண்டி என்று சொல்லி
இதை எனக்கு விற்றவன் என் தம்பி ஓர்முர்.
விற்பதற்கு முந்தைய பனிக்காலம் முழுக்க
இடக்கையில் மாவுக்கட்டோடு திரிந்தான்.
ஏணி வழுக்கியது என்றான்.
நானும் அம்மாவும் சேர்ந்து
அந்த ஏணியைத் திட்டித் தீர்த்தோம்.

கராஜ் வாசலில் குந்தி உட்கார்ந்து
வெகுநேரம் அந்தக் கதவைப் பார்த்தேன்.
நல்ல வேலை. யாரோ பொறுமைசாலி.
நிறம் இம்மிகூடப் பிசகவில்லை.
அதன்மேலும் என் கீறல்கள்
மற்றக் கதவுகளில்போலவே விழுந்திருந்தன.

காலையில் இரண்டாவதை வாங்கினேன்.
ஏன் என்றான் ஸ்வேரிர்.
மணிக்கட்டு, என்றேன்.

மூன்று இரவுகள்.
விளிம்புகளுக்கெல்லாம் நீல டேப்.
பஞ்சு வட்டில் பட்டாணி அளவு நாலு பொட்டு பசை.
அதுவும் மணல்தான், மாவாய் அரைத்த மணல்;
சாம்பல் போட்ட கோட்டை
அதன் கொள்ளுப்பேரன் வந்து அழிக்கிறான்.
ஒரு முழம் இப்படி, ஒரு முழம் அப்படி,
நத்தை பார்த்தால் சிரிக்கும் வேகத்தில்.
துடைத்தபோது பானெட்டுக்குள்
எதிர்மலையின் பனி இறங்கி நின்றது.

ஞாயிறன்று ஓர்முர் வந்தான்.
பானெட்டில் முகம் பார்த்துத் தாடியைத் தடவிக்கொண்டான்.
புது வண்டி மாதிரி, என்றான்.
சுற்றி வந்தவன் இடப்பக்கம் திரும்பியதும்
மழை வருமோ என்று அண்ணாந்தான்.
மேகமே இல்லை.

அந்தப் பின்கதவு மட்டும் பாக்கி, என்றேன்.
மெஷினை அவன் கையில் கொடுத்தேன்.
மானியைத் திருப்பித் தந்தாகிவிட்டது;
அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அழுத்தாமல் பிடி.

அழுத்தினான்.
வட்டு நின்றுவிட்டது.
மோட்டார் மட்டும்
முனகிக்கொண்டே இருந்தது.